தாங்கிக்கொள் என்று சொல்லாதீர்கள்

முட்டிக்குக் கீழே எலும்பு முறிந்து, வெகுநாள் கழித்து என்னிடம் பிசியோதெரபிக்கு வந்த ஒரு பையனின் அம்மா சொன்னது இன்னும் என்னை விடவில்லை. "ராத்திரி முழுக்க வாயே தொறக்கல எம்புள்ள. பல்லக் கடிச்சிக்கினு கெடந்தான். அப்படி ஒரு தாங்கு தாங்குனாம்மா." பெருமையாகத்தான் சொன்னார். பையனும் தலையைக் குனிந்துகொண்டு லேசாகச் சிரித்தான். அவர்கள் கொண்டுவந்த எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகக் கூடியிருந்தது. ஆனால் பாதம் கீழே தொங்கியது. விரல்கள் ஐந்தும் உள்பக்கமாக மடங்கி இறுகியிருந்தன. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் சதை இருக்க வேண்டிய இடத்தில் கெட்டியான நார்தான் கைக்குத் தட்டுப்பட்டது. செருப்பு கழன்று விழுந்தாலும் அவனுக்குத் தெரியாது, பாதத்தின் மேல்பக்கம் பாதி மரத்துக் கிடந்தது. முறிந்தது எலும்பு, போனது சதையும் நரம்பும். அதுவும் விழுந்த நொடியில் போகவில்லை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த ராத்திரியில், மணிக்கு மணி கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

காலுக்குள் அழுத்தம் ஏறி, ரத்தம் கிடைக்காமல் சதையும் நரம்பும் சாகிற இதற்குக் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்று பெயர். எலும்பு டாக்டர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், படிக்கிற காலத்திலேயே தலையில் அடித்துச் சொல்லித்தருவார்கள். ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் ராத்திரி உட்கார்ந்திருப்பது டாக்டர் இல்லை. மனைவி, அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு நர்ஸ். அவர்களிடம் போய்ச் சேராத அறிவால் கால் பிழைக்காது. "எலும்பு ஒடைஞ்சா வலிக்காம இருக்குமா?" என்ற ஒரு கேள்வியில் அந்த ராத்திரியின் பேச்சு முடிந்துவிடுகிறது. நான் சொல்ல வருவது இதுதான்: முறிந்த எலும்பை அசையாமல் வைத்து, ஊசியும் போட்ட பிறகு வலி நேரமாக ஆகக் குறைய வேண்டும். அப்படிக் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் அது எலும்பு வலி இல்லை. உள்ளே சதை மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் தாங்கிக்கொள் என்று சொல்வதைப் போன்ற கெடுதல் வேறு இல்லை.

யார் கட்டினாலும்

எங்கள் பக்கத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே புத்தூர் கட்டு சண்டையாகிவிடும். நான் இருப்பது திருத்தணி. என்னிடம் வருகிறவர்கள் பள்ளிப்பட்டு, ஏகாம்பரகுப்பம், நகரி, புத்தூர் என்று எல்லையின் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது, சொந்தபந்தம் பாதிக்குமேல் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. நகரியில் கடைப் பலகை தெலுங்கில் இருக்கும், தறி ஓடும் வீட்டுக்குள் தமிழ் கேட்கும். எலும்பு முறிந்தால் இரண்டு பக்கத்துக்காரர்கள் வாயிலும் முதலில் வருவது புத்தூர்தான். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, துணி, மூங்கில் பட்டை. தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பெயரில் ஒரு பலகை தொங்குகிறது. என் பாட்டிக்கு மணிக்கட்டு அங்கே கட்டித்தான் கூடியது. கடைசி வரை அந்தக் கையால்தான் மாவாட்டினார்.

அதனால் நாட்டுக் கட்டைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நான் பார்த்த சுருங்கிய பாதங்களில் நாட்டுக் கட்டு போட்டவையும் உண்டு, மாவுக்கட்டு போட்டவையும் உண்டு, கட்டே போடாமல் கட்டிலில் கிடந்தவையும் உண்டு. 1881-ல் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் அறுவை மருத்துவராக இருந்த ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் இந்தச் சதைச் சுருக்கத்தைப் பற்றி எழுதியபோது, காரணம் என்று அவர் காட்டியது மிக இறுக்கமாகப் போட்ட கட்டுகளை. அங்கே புத்தூரும் இல்லை, பச்சிலையும் இல்லை. இறுக்கமான கட்டு வெளியிலிருந்து அழுத்தும், உள்ளே கசியும் ரத்தமும் வீக்கமும் உள்ளிருந்து அழுத்தும். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் சதைக்கு ஒன்றுதான்.

எனக்கு முக்கியமாகப் படுவது, கட்டிய பிறகு அன்று ராத்திரி அந்தக் காலை யார் பார்க்கிறார்கள் என்பது. நாட்டுக் கட்டு போட்டவர் சாயங்காலமே பஸ் ஏறி ஊருக்குப் போய்விடுகிறார். சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தவருக்கு "காலையில பெரிய டாக்டர் வருவார்" என்று சொல்லிவிடுகிறார்கள். இரண்டிலும் ராத்திரி ஆளில்லாமல் கிடக்கிறது. இந்த வியாதி முற்றுவதும் அந்த நேரத்தில்தான்.

உள்ளே நடப்பது

முட்டிக்குக் கீழே காலில் சதை ஒரே மொத்தையாக இல்லை. முன்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, பின்பக்கம் மேலாக ஒன்று, அதற்கு அடியில் ஆழத்தில் ஒன்று என்று நான்கு அறைகள். ஒவ்வொரு அறையையும் சுற்றி வெள்ளையாக, தடிப்பாக ஒரு சவ்வு இருக்கிறது. அது நீண்டு கொடுக்காது. விதைநெல்லைச் சணல் சாக்கில் கட்டி ஊறப்போட்டவர்களுக்கு இது உடனே புரியும். நெல் உப்பும், சாக்கு உப்பாது. விடிந்து பார்த்தால் மூட்டைக்குள் விரல் நுழையாது. காலில் அந்த இறுக்கத்துக்குள் சதையோடு சேர்ந்து நரம்பும் ரத்தக்குழாயும் மாட்டிக்கொள்கின்றன.

சாதாரணமாக அந்த அறைக்குள் அழுத்தம் பாதரச அளவில் 10 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். வீங்க ஆரம்பித்தால் முதலில் அடைபடுவது ரத்தத்தை வெளியே கொண்டுபோகிற மெல்லிய நாளங்கள். வந்த ரத்தம் போக வழியில்லை, வீக்கம் இன்னும் ஏறும், அப்புறம் சதைக்கு ஊட்டம் தருகிற நுண்குழாய்கள் அடைபடும். ஆனால் பெரிய தமனிக்குள் இருக்கும் அழுத்தம் 120-ஐ ஒட்டி. அது அவ்வளவு எளிதில் அடைபடாது. அதனால் முன்பக்கச் சதை செத்துக்கொண்டிருக்கும்போதே பாதம் வெதுவெதுப்பாக இருக்கும், பாதத்தின் மேல் நாடி துடிக்கும், கால் விரலில் க்ளிப் மாட்டினால் மெஷினில் 98 என்று காட்டும். இதைவிட ஆளை ஏமாற்றுகிற விஷயம் வேறு இல்லை. நாடி இருக்கிறது, பயம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறவர் பொய் சொல்லவில்லை. நாடி நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்து இந்த வியாதி இல்லை என்று முடிவு கட்ட முடியாது. நாடி நிற்கும் வரை காத்திருந்தால் பெரும்பாலும் காலும் கைவிட்டுப் போயிருக்கும்.

நேரக் கணக்கும் கடுமையானது. ரத்தம் கிடைக்காத சதை நாலு மணி நேரம் போல் தாக்குப்பிடிக்கும். ஆறு மணி நேரத்தில் சேதம் தொடங்கியிருக்கும், எட்டு மணி நேரம் தாண்டினால் பெரும்பாலும் திரும்பாது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

முட்டியை ஒட்டிய முறிவில் ஏன் இவ்வளவு பயம் என்றால், கீழ்க்கால் எலும்பின் தலைப்பகுதி அகலமானது, உள்ளே பஞ்சுபோல் துளைகள் நிறைந்தது, முறிந்தால் நிறைய ரத்தம் கசியும். கனமான சதைகள் தொடங்குவதும் அங்கேதான். பின்னாலிருந்து முன்னறைக்கு வரும் தமனி, முட்டிக்குச் சற்றுக் கீழே இரண்டு எலும்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியாகத்தான் நுழைகிறது. அங்கே அது நகர முடியாதபடி பிடிபட்டிருக்கிறது, எலும்பு நகர்ந்தால் அதற்கும் அடி. இந்த முறிவுகளை ஜோசப் ஷாட்ஸ்கர் என்ற கனடா மருத்துவர் 1979-ல் ஆறு வகையாகப் பிரித்தார். உயரத்திலிருந்து கால் ஊன்றி விழுகிறவர்களுக்கும் வண்டியில் வேகமாக மோதுகிறவர்களுக்கும் வருவது பெரும்பாலும் கடைசி இரண்டு வகை: எலும்புத் தலையின் இரண்டு பக்கமும் உடைந்தது ஐந்தாவது, அதோடு தண்டிலிருந்தே பிரிந்தும் போனது ஆறாவது. கட்டுமஸ்தான இளவயதுக்காரர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல், அவர்களுடைய சவ்வுக்குள் சும்மா இருக்கும்போதே இடம் குறைவு.

சித்தப்பாவின் கால்

இதெல்லாம் பாடத்தில் படித்தது. என் கை பட்டுத் தெரிந்துகொண்டது சித்தப்பாவின் காலில்.

சித்தப்பா மாந்தோப்பு குத்தகைக்கு எடுப்பவர். ஜூன் மாதம், பெங்களூரா காய் ஜூஸ் ஃபாக்டரிக்குப் போகிற மும்முரத்தில், லோடு ஏற்றிய லாரி மேல் நின்று கயிறு இழுத்தவர், கயிறு அறுந்து இரண்டு ஆள் உயரத்திலிருந்து வலது காலை ஊன்றி விழுந்தார். பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். எக்ஸ்ரே எடுத்து, தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு ஸ்லாப் வைத்து, மேலே க்ரேப் துணி சுற்றி, இரண்டு தலையணை மேல் காலைத் தூக்கி வைத்து, வலிக்கு ஊசியும் போட்டார்கள். ஆபரேஷன் எப்போது என்பதைக் காலையில் பெரிய டாக்டர் வந்து சொல்வார்.

நானும் நைனாவும் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. சித்தப்பாவைப் பார்த்ததுமே எனக்கு உறுத்தியது. அவர் வலியை வெளியே காட்டுகிற ஆள் இல்லை. ஒருமுறை வெட்டுக்கத்தி கால்விரலில் இறங்கியபோது துணியைச் சுற்றிக்கொண்டு மாலை வரை காய் எண்ணியவர். அவர் அன்றைக்கு மூன்றாவது ஊசி கேட்டுக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. "கட்ட அவுத்துடச் சொல்லு பாப்பா, உள்ள ஏதோ பண்ணுது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "ஆம்பளை நீயே இப்படிக் கத்துனா பொம்பளைங்க என்ன பண்ணுவாங்க?" நர்ஸ் பாவம், நல்ல பெண், தெலுங்கில் கெஞ்சினாள். "கொஞ்சம் ஓர்ச்சுகோண்டி, பொத்துன டாக்டர் காரு ஒஸ்தாரு." கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், காலையில் டாக்டர் வருவார் என்றாள். அவளுக்கு அந்த வார்டில் தனியாக ராத்திரி டூட்டி.

நான் செய்தது ரொம்பச் சின்ன விஷயம். அவருடைய வலது கால் பெருவிரலைப் பிடித்து மெதுவாகக் கீழ்நோக்கி மடக்கினேன். முறிந்த இடம் முட்டிக்குப் பக்கத்தில், நான் தொட்டது ஒரு விரலை. எலும்பு வலியாக இருந்தால் அந்த அசைவு பெரிதாகத் தெரியக்கூடாது. சித்தப்பா கட்டிலை விட்டு எழும்புகிற மாதிரி அலறினார். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் முட்டியைக் காட்டவில்லை, முன்பக்கச் சதையைக் காட்டினார். விரலைக் கீழே மடக்கும்போது இழுபடுவது முன்னறைச் சதை. மேலே தள்ளினால் பின்னால் ஆழத்தில் இருக்கும் சதை இழுபடும், அப்போதும் வலித்தது, ஆனால் அவ்வளவு இல்லை. அப்புறம் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் உள்ள தோலைப் பஞ்சால் தொட்டேன். தெரியவில்லை என்றார். மற்ற விரல்களில் தெரிந்தது. அந்தச் சின்ன இடத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு முன்னறை வழியாகத்தான் இறங்குகிறது. நர்ஸ் நாடி பார்த்து நன்றாக இருக்கிறது என்றாள். நானும் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

டூட்டி டாக்டரை எழுப்பினோம். சின்னப் பையன், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் யார், எனக்கென்ன தெரியும் என்று கேட்காமல் நேராக வந்து விரலை மடக்கிப் பார்த்தார். அதற்கு அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். உடனே கத்தரி எடுத்து க்ரேப் துணி, அடியில் இருந்த பஞ்சு என்று தோல் தெரிகிற வரை நீளவாக்கில் வெட்டித் திறந்தார். இது முக்கியம். மேல்துணியை மட்டும் தளர்த்தினால் போதாது, ரத்தம் ஊறிக் காய்ந்த பஞ்சும் இறுக்கும். அடுத்து இரண்டு தலையணையையும் எடுத்துவிட்டுக் காலை நெஞ்சின் மட்டத்துக்கு இறக்கினார். சொந்தக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை, வீங்கின காலைத் தூக்கித்தானே வைக்க வேண்டும் என்றார்கள். சாதாரண வீக்கத்துக்குச் சரி. இதில் தூக்கி வைத்தால் ரத்தம் மேலே ஏறிப் போவதற்கான அழுத்தம் குறைந்து சதை இன்னும் பட்டினி கிடக்கும். அரை மணி போல் காத்திருந்து மறுபடி விரலை மடக்கிப் பார்த்தார். குறையவில்லை. "இங்க இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது, திருப்பதிக்கு இப்பவே கெளம்புங்க" என்று ஒரு சீட்டு எழுதினார். விழுந்த நேரம், வலி ஏற ஆரம்பித்த நேரம், கட்டை வெட்டிய நேரம் மூன்றையும் அதில் குறித்திருந்தார். அடுத்த ஆஸ்பத்திரியில் அந்தச் சீட்டைப் பார்த்த பிறகு யாரும் எங்களை வரிசையில் உட்காரவைக்கவில்லை.

சித்தி போட்ட கையெழுத்து

திருப்பதியில் எங்களைப் பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். நிதானமாகப் பேசினார், ஆனால் கை வேகமாக வேலை செய்தது. முன்பக்கச் சதைக்குள் ஊசி விட்டு அழுத்தம் அளந்தார்: 54. சித்தப்பாவின் பி.பி.யில் கீழ் அளவு 76. வித்தியாசம் 22. இந்த வித்தியாசம் 30-க்குக் கீழே போனால் திறக்க வேண்டும் என்பது எடின்பரோவில் மார்கரெட் மெக்வீனும் சார்லஸ் கோர்ட்-பிரவுனும் 1996-ல் எழுதிய கணக்கு. அறைக்குள் அழுத்தம் எவ்வளவு என்று தனியாகப் பார்த்தால் போதாது, அந்த ஆளின் பி.பி.யோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் நிறைய போய் பி.பி. இறங்கியவருக்குக் குறைந்த அழுத்தமே சதையைக் கொன்றுவிடும். அறிகுறி தெளிவாக இருந்தால் அளக்காமலே திறக்கலாம், மயக்கத்தில் இருப்பவருக்கும் சந்தேகமாக இருப்பவருக்கும்தான் அளப்பது கட்டாயம் உதவும் என்றும் அந்தப் பெண் டாக்டரே சொன்னார்.

திறப்பது என்றால் எப்படி என்று கேட்டதும்தான் எல்லாம் நின்றது. காலின் இரண்டு பக்கமும் நீளமாகத் தோலைக் கிழித்து, நான்கு அறைகளின் சவ்வையும் பிளந்து, அப்படியே திறந்து விட்டுவிட வேண்டும். தைக்கக் கூடாது. சித்தி உட்கார்ந்துவிட்டார். "எலும்ப ஒட்ட வெக்கத்தான வந்தோம்? நல்லா இருக்கிற தோலையும் கிழிக்கணும்ங்கிறாங்களே" என்று அழுதார். போனில் அவருடைய அண்ணன் கத்தினார். "கையெழுத்துப் போடாத. மொதல்ல கிழிப்பாங்க, அப்புறம் எடுப்பாங்க. விடிஞ்சதும் புத்தூருக்குத் தூக்கினு போயிடலாம்." அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் தெருவிலேயே சர்க்கரைப் புண்ணுக்கு என்று போய் விரல், பாதம், முட்டி என்று வரிசையாக இழந்தவர்கள் இருக்கிறார்கள். கத்தி வைத்தால் கால் திரும்பாது என்ற பயம் இட்டுக்கட்டியது இல்லை, கண்ணால் பார்த்து வந்த பயம்.

நான் என்ன சொல்லியும் சித்திக்கு ஏறவில்லை. மகளாக வளர்ந்தவள், படித்திருக்கிறாள், அதற்காகப் புருஷன் காலைக் கிழிக்கக் கையெழுத்துப் போட முடியுமா? மணி ஓடிக்கொண்டிருந்தது. விழுந்தது சாயங்காலம் நாலு மணிவாக்கில், வலி ஏற ஆரம்பித்தது ஏழு ஏழரைக்கு, இப்போது நடுராத்திரியை நெருங்கிவிட்டது. அந்த டாக்டர் வேறு எதுவும் விளக்கவில்லை. சித்தியின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் முதலில் சித்தப்பாவின் இடது கெண்டைச் சதையில் வைத்தார். அமுக்குங்க என்றார். அப்புறம் வலது காலின் முன்பக்கத்தில் வைத்து அமுக்கச் சொன்னார். சித்தி அமுக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "இது சதைங்களா?" என்று கேட்டார். அடுத்து பெருவிரலைப் பிடித்து லேசாக மடக்கச் சொன்னார். சித்தி மடக்கினார். சித்தப்பா போட்ட சத்தத்தில் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

சித்தப்பாவே கேட்டார். "கிழிச்சா இந்த வலி போயிடுமா?"

"போயிடும்."

"அப்ப கிழிங்கம்மா."

சித்தி கையெழுத்துப் போட்டார். அண்ணனின் போன் மறுபடி அடித்தது, அவர் எடுக்கவில்லை.

எத்தனையோ பேருக்கு நான் இந்த வியாதியை விளக்கியிருக்கிறேன், படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். கை வைத்துப் பார்க்கச் சொன்னதில்லை. அன்று அந்தப் பெண்மணி செய்ததை அதற்கப்புறம் என்னிடம் வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் செய்கிறேன். நல்ல காலைத் தொடுங்கள், அடிபட்ட காலைத் தொடுங்கள். பாடம் படிக்காத கைக்கும் வித்தியாசம் தெரிகிறது. ஆழத்தில் இருக்கும் பின்னறை மட்டும் இறுகியிருந்தால் கைக்குத் தெரியாமலும் போகலாம். அதனால்தான் விரலை மேலும் கீழும் மடக்கிப் பார்ப்பதையும் சேர்த்துச் சொல்லித்தருகிறேன்.

திறந்து கிடந்த கால்

உள்ளே என்ன பார்த்தார்கள் என்பதை டாக்டர் பிறகு சொன்னார். சவ்வைப் பிளந்ததும் சதை வெளியே பிதுங்கி வந்தது. முதலில் மங்கலாக இருந்தது, சில நிமிடங்களில் சிவக்க ஆரம்பித்தது. நிறம் திரும்புகிறதா, கெட்டியாக இருக்கிறதா, வெட்டினால் ரத்தம் வருகிறதா, கிள்ளினால் துடிக்கிறதா, இந்த நான்கையும் வைத்துத்தான் எந்தச் சதை பிழைக்கும் என்று முடிவு செய்வார்கள். முன்னறையில் ஒரு சின்னப் பகுதி மட்டும் துடிக்கவில்லை, அதை எடுத்துவிட்டார்கள். முறிந்த எலும்பு அசையாமல் இருக்க, தொடையிலிருந்து கீழ்க்கால் வரை முட்டியைத் தாண்டி வெளியே கம்பிச் சட்டம் பூட்டினார்கள். ப்ளேட் வைப்பதெல்லாம் வீக்கம் வற்றிய பிறகு. மூத்திரத்தின் நிறத்தையும் அளவையும் மணிக்கு மணி பார்த்தார்கள். செத்த சதையிலிருந்து கரைந்து வருவது சிறுநீரகத்தை அடைத்துவிடும், மூத்திரம் டீ டிகாக்ஷன் நிறத்துக்கு மாறினால் அது எச்சரிக்கை.

காலையில் சித்தப்பா தூங்கிக்கொண்டிருந்தார். காலில் இரண்டு பக்கமும் முழ நீளத்துக்குப் புண் திறந்து கிடக்கிறது, ஆள் தூங்குகிறார். பார்க்க வந்தவர்களுக்கு இதை நம்பவே முடியவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய்ச் சதையைப் பார்த்தார்கள், பிறகு உள்பக்கக் காயத்தை மெல்ல இழுத்துத் தைத்தார்கள். வெளிப்பக்கம் சேரவில்லை, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். இந்த நாட்களில்தான் என் வேலை. பாதம் கீழே தொங்கிப் பழகிவிடாமல் செங்கோணத்தில் ஸ்ப்லின்ட் வைப்பது, விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்குவது, கணுக்காலை மேலே தூக்கச் சொல்வது. பிழைத்த சதைக்கு வேலை கொடுக்காவிட்டால் அதுவும் சுருங்கும். ஒட்டுத்தோல் ஒட்டிய இடத்தில் எண்ணெய் போட்டு நீவுவதை சித்தி கற்றுக்கொண்டு, என்னைவிட நன்றாகச் செய்தார்.

செலவும் அலைச்சலும் அதிகம்தான், மறைக்க ஒன்றுமில்லை. காலின் வெளிப்பக்கம் அகலமான தழும்பு, பெருவிரல் இடுக்கில் இன்னும் கொஞ்சம் மரமரப்பு, லாரி மேல் ஏறுவதை விட்டுவிட்டார். ஆனால் பாதத்தைத் தூக்கி நடக்கிறார், தோப்புக்குப் போகிறார், செருப்பு கழன்றால் அவருக்குத் தெரிகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரொம்பத் தாமதமாக வந்தவர்களுக்கு இதே ஆபரேஷன் பெரும்பாலும் உதவாது. ஒருநாள் ஒன்றரை நாள் கழித்து, சதை முழுக்கச் செத்த பிறகு திறந்தால் உள்ளே கிருமி புகுந்து, காலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அதனால் சில நேரம் டாக்டர்கள் திறக்காமலே விடுகிறார்கள். "ஏன் சார் எங்களுக்கு மட்டும் பண்ணல?" என்று கேட்கும் குடும்பங்களுக்கு இதைச் சொல்லும்போது என் குரல் ஒருபோதும் சரியாக வருவதில்லை.

ராத்திரி உட்காருகிறவர்களுக்கு

ராத்திரி அந்தக் காலில் எதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதிய ஒரு தாளை என் க்ளினிக்கில் வைத்திருக்கிறேன், ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு. முறிவோடு வருகிறவர்களுக்கும், நாட்டுக் கட்டு போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கும் அதையே கொடுக்கிறேன். கட்டுகிற ஒவ்வொரு இடமும், அது பெரிய ஆஸ்பத்திரியோ பச்சிலைத் திண்ணையோ, இப்படி ஒன்று கொடுத்து அனுப்ப வேண்டும் என்பது என் ஆசை. ஆசை என்றா சொன்னேன், இல்லை, இதை நான் உரிமையாகவே கேட்கிறேன்.

குழந்தைகளுக்கு வலியைச் சொல்லத் தெரியாது. நிற்காத அழுகை, தூங்காத படபடப்பு, மருந்து கொடுத்த கொஞ்ச நேரத்திலேயே மறுபடி மருந்து தேவைப்படுவது, இவைதான் அவர்களுடைய பாஷை. குடித்திருப்பவர், மயக்கத்தில் இருப்பவர், சர்க்கரையால் ஏற்கெனவே பாதம் மரத்தவர், முதுகில் மரப்பு ஊசி போட்டவர், இவர்களிடம் வலி என்ற மணி அடிக்காமலே போகலாம். அவர்கள் காலை மணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்க ஆள் வேண்டும். வலி குறைந்துவிட்டது, ஆனால் மரத்துப்போனது, விரல் அசையவில்லை என்றால் அது நல்ல செய்தி இல்லை. நரம்பு ஓய்ந்துபோயிருக்கலாம்.

போன் செய்து கூப்பிடும்போது வலிக்கிறது என்று மட்டும் சொன்னால் மறுமுனையில் இருப்பவர் ஊசி எழுதிவிட்டு வைத்துவிடுவார். இப்படிச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு விழுந்தார், ஊசி போட்டும் வலி எப்போதிலிருந்து ஏறுகிறது, விரலை மடக்கினால் அலறுகிறாரா, எந்த இடத்தில் மரத்திருக்கிறது, மற்ற காலைவிட இறுக்கமாக இருக்கிறதா. கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமா என்று பெயரைச் சொல்லியே கேளுங்கள். யாரும் வரவில்லை என்றால் நர்ஸிடம் சொல்லிக் கட்டைத் தோல் வரை வெட்டச் சொல்லுங்கள், தலையணையை எடுத்துவிடுங்கள். வீட்டில் இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே எண்தான். போகிற ஆஸ்பத்திரியில் ராத்திரியில் எலும்பு டாக்டரும் திறந்த தியேட்டரும் இருக்கிறதா என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.